தலைப்பில் மட்டும் 'ண' ஏன் அப்பிக்கொள்கிறது?

கேள்வி: லிப்ரே ஆஃபிஸ் ரைட்டர் என்ற ஆவணம் எழுதும் மென்பொருளில், மீரா இனிமை எழுத்துருவில் ஒரு விழா மலர் தயாரிக்கிறேன். உள்ளே எழுத்து அழகாக இருக்கிறது. தலைப்புகள் மட்டும் மை ஊறியதுபோல் தடித்துத் தெரிகின்றன. போல்ட் பொத்தானை நான் தொடவே இல்லை. எப்படிச் சரிசெய்வது?

பதில்: போல்ட் போட்டது 'ஹெடிங் 1' ஸ்டைல், அதாவது தலைப்புக்கென்று முன்பே வகுத்துவைத்த எழுத்து அமைப்பு. ரைட்டரில் தலைப்பு ஸ்டைல்கள் போல்ட்டோடுதான் வருகின்றன. மீரா இனிமையிலோ ரெகுலர் என்ற சாதாரண தடிமன் வடிவம் ஒன்றுதான் உண்டு. கேட்ட போல்ட் இல்லாததால், மென்பொருள் இருக்கிற எழுத்தின் ஓரத்தையே தடிக்க வைத்து ஒரு போலி போல்ட்டை உண்டாக்குகிறது.

தமிழுக்கு இது பெரிய கேடு. பக்கத்தை 300 சதவீதம் பெரிதாக்கி 'மணம்' என்ற சொல்லைப் பாருங்கள். மூன்று சுழி ண-வுக்குள் இருக்கவேண்டிய வெள்ளை இடம் அடைபட்டிருக்கும். சின்ன அளவில் அச்சிட்டால் அது 'மனம்' என்றே கண்ணில் படும். எழுத்துருவை வரைபவர் போல்ட் செய்யும்போது எழுத்தைச் சற்று அகலமாக்கி, சுழி திறந்திருக்கும்படி பார்த்துக்கொள்வார். அந்தக் கவனம் மென்பொருளுக்குக் கிடையாது.

சரி, இப்போது மாற்றுவோம். எஃப்11 அழுத்தி, வரும் ஸ்டைல் பட்டியலில் ஹெடிங் 1 மீது வலது கிளிக் செய்து, ஸ்டைலைத் திருத்தும் பெட்டியில் ஃபாண்ட் பக்கத்துக்குப் போங்கள். பலரும் இடறுவது இங்கேதான். மேற்கத்திய எழுத்துக்கு ஓர் அமைப்பு, காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் எனப்படும் சி.டி.எல். எழுத்துக்கு வேறோர் அமைப்பு. தமிழ் இரண்டாவதில் வரும். முதலாவதில் ரெகுலர் வைத்துவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று திகைப்பவர்கள் நிறைய. சி.டி.எல். பகுதியே தெரியவில்லை என்றால், டூல்ஸ் மெனுவின் ஆப்ஷன்ஸில் மொழி அமைப்புகளுக்குள் அதை இயக்குங்கள். அப்புறம் அங்கே ரெகுலர் என்று வையுங்கள். மாற்றுவதற்கு முன், போல்ட் என்று இருக்கும்போது, இந்த எழுத்து வடிவம் போலியாக உருவாக்கப்படும் என்ற பொருளில் அந்தப் பெட்டியிலேயே ஓர் ஆங்கிலக் குறிப்பு வரும்; அது வந்தால் நோய் இதுதான் என்று உறுதி.

தலைப்பு தடித்துத்தான் இருக்கவேண்டும் என்றால், உண்மையான போல்ட் உள்ள எழுத்துருவைத் தலைப்புக்கு மட்டும் போடுங்கள். முக்தா மலர், கேட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ் மூன்றிலும் உண்டு. என் தேர்வு முக்தா மலர். நிறுவும்போது ரெகுலர் கோப்போடு போல்ட் கோப்பையும் சேர்த்து நிறுவுங்கள். ஒன்றை மட்டும் போட்டால் பழைய கதைதான். பிறகு ரைட்டரை மூடித் திறக்கவேண்டும்.

அச்சகத்துக்கு அனுப்புமுன் பி.டி.எஃப். கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் ஃபாண்ட் பட்டியலைப் பாருங்கள். தலைப்புக்குப் போட்ட எழுத்துருவின் பெயர் போல்ட் என்ற சொல்லோடு தனி வரியாக இருந்தால் தைரியமாக அனுப்பலாம்.