1,600 சொற்களையும் உங்கள் மகளே எழுதட்டும்

செப்டம்பரில் கட்டுரைத் தலைப்புகள் வெளியானதிலிருந்து, என்னிடம் யோசனை கேட்ட ஒரு வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. மகள் சென்னையில் ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலரியேட்) என்ற சர்வதேசப் பள்ளிப் படிப்பின் டிப்ளமா இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வேதியியலையும் கணிதத்தையும் ஹையர் லெவலில் எடுத்திருப்பவள். பிள்ளைகள் டிஓகே என்று சொல்லும் அறிவுக் கோட்பாடு பாடத்துக்கு, கொடுக்கப்பட்ட ஆறு தலைப்புகளில் ஒன்றை எடுத்து 1,600 சொற்களுக்குள் கட்டுரை எழுத வேண்டும். அப்பாவுக்கு அந்தத் தலைப்புகளைப் படித்தாலே தலை சுற்றுகிறது. நியூ ஜெர்சியில் இருக்கும் பெரிய மாமா, "கணக்கு வருகிற தலைப்பை எடு, கலிலியோவையும் ஐன்ஸ்டீனையும் போடு, கம்ப்யூட்டர் சயின்ஸ் அட்மிஷனுக்குப் பொருத்தமாக இருக்கும்" என்று குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். வகுப்புத் தோழியின் அம்மா ஒரு ஏஜென்சியின் எண்ணைக் கொடுத்திருக்கிறார். அவுட்லைன் முதல் இறுதி டிராஃப்ட் வரை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். மகள் மட்டும் அதிகம் பேசவில்லை. அவளுடைய நோட்டில் வரலாறும் இயற்கை அறிவியலும் எடுக்க இடம் தருகிற ஒரு தலைப்பு இருந்தது. அதற்குக் கீழே "கீழடி" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள்.

இதே நிலையில் இன்னும் பல குடும்பங்கள் இருக்கின்றன என்பதால் அவர்களிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

ஆறுதலான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். டிஓகே மதிப்பெண்ணில் இந்தக் கட்டுரைக்கு மூன்றில் இரண்டு பங்கு, மீதி டிஓகே கண்காட்சி என்ற இன்னொரு வேலைக்கு. இந்தப் பாடத்தையும் எக்ஸ்டெண்டட் எஸ்ஸே என்ற 4,000 சொல் ஆய்வுக் கட்டுரையையும் சேர்த்தே அதிகபட்சம் 3 புள்ளிகள்தான் கிடைக்கும். டிப்ளமாவின் மொத்தம் 45. ஏ கிரேடு வராவிட்டால் எதுவும் மூழ்கிவிடாது. ஆனால் இந்த இரண்டில் ஏதாவது ஒன்றில் கடைசி கிரேடான இ வந்தால் டிப்ளமாவே கிடைக்காது. ஆகவே அலட்சியம் கூடாது. ஆறுதல் இவ்வளவுதான். இனி சொல்லப்போவது அப்பாவுக்கும் மாமாவுக்கும் பிடிக்காமல் போகலாம்.

அந்த ஏஜென்சிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் கட்டியிருந்தால் திரும்பக் கேளுங்கள். வராவிட்டால் போகட்டும், மீதியைக் கட்டாதீர்கள். இந்தக் கட்டுரைக்காக மாணவி தன் ஆசிரியரை மூன்று முறை முறைப்படி சந்திக்க வேண்டும், ஒவ்வொரு சந்திப்பிலும் பேசியதைப் படிவத்தில் எழுத வேண்டும். கட்டுரை அவளுடையதுதான் என்று ஆசிரியர் உறுதி சொல்ல வேண்டும். இரண்டு வருஷமாக வகுப்பில் அவள் பேசுவதைக் கேட்டவர் அவர். வேறொருவர் எழுதிய நடை வந்தால் அவருக்குத் தெரியாமல் போகாது. வேறொருவர் எழுதியது என்று முடிவானால் அந்தப் பாடத்துக்குக் கிரேடு இல்லை, கிரேடு இல்லையென்றால் டிப்ளமாவும் இல்லை. ஏஐ கருவிகளை ஐபி தடை செய்யவில்லை. ஆனால் அதிலிருந்து எடுத்ததை எடுத்தேன் என்று காட்டியே ஆக வேண்டும், காட்டாமல் தன்னுடையது என்று கொடுத்தால் அதுவும் இதே குற்றம்தான். மூன்று புள்ளிக்காகப் பணத்தைக் கொடுத்து நாற்பத்தைந்தையும் பணயம் வைக்கும் ஏற்பாடு இது.

அடுத்தது மாமாவின் யோசனை. கட்டுரைத் தலைப்புக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பல்கலைக்கழகம் பார்ப்பது கிரேடை, தலைப்பை அல்ல. இதை ஐபி நியமிக்கும் வெளித் தேர்வாளர் ஒருவர் திருத்துகிறார். கொடுத்த தலைப்பை மாணவர் தெளிவாகவும், கோர்வையாகவும், விமர்சனக் கண்ணோடும் ஆராய்ந்திருக்கிறாரா என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு பத்துக்கு மதிப்பெண் போடுகிறார். கலிலியோ, தட்டையான பூமி, நியூட்டனை ஐன்ஸ்டீன் திருத்தியது, இதையெல்லாம் அவர் அன்றைக்குக் காலையிலேயே பல கட்டுரைகளில் படித்திருப்பார். அந்த எடுத்துக்காட்டுகளில் தவறில்லை. ஆனால் அவற்றைப் பதினேழு வயதுப் பெண் எழுதும்போது பாடப்புத்தகம் சொன்னதைத் தாண்டி அவளிடம் எதுவும் இருக்காது. எதிர்க்கேள்வி கேட்கத் தெரியாது, எங்கே சந்தேகப்பட வேண்டும் என்றும் தெரியாது. விமர்சனம் என்ற பகுதியில்தான் பெரும்பாலான கட்டுரைகள் விழுகின்றன. தனக்குப் பழக்கமான இடத்தைப் பற்றி எழுதினால் சந்தேகம் தானாக வரும்.

இந்தப் பெண்ணுக்கு அந்த இடம் எது என்பது நோட்டிலேயே இருக்கிறது. பாட்டி ஊர் திருப்புவனம் பக்கம். கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்ததிலிருந்து ஒவ்வொரு விடுமுறையிலும் போய் வந்திருக்கிறாள். வீட்டில் இதை யாரும் படிப்பாக நினைக்கவில்லை. எனக்கு அதுதான் வருத்தம். ஏனென்றால் கையில் கிடைத்ததிலேயே மிக நல்ல டிஓகே பொருள் இதுதான்.

எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாநிலத் தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்ட அறிக்கையில், 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த ஒரு கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்று வந்தது. மாதிரியை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள ஆய்வகத்தில் ஏஎம்எஸ் என்ற, அணுக்களை முடுக்கி எண்ணும் முறையில் பரிசோதித்தார்கள். செய்தித்தாளில் இது "கீழடி 2,600 ஆண்டு பழமை" என்று ஒரே வரியாக வந்துவிட்டது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை படிகள் இருக்கின்றன என்று உங்கள் மகள் எண்ணிப் பார்க்கட்டும். ஆய்வகம் அளந்தது கரியில் மிஞ்சியிருக்கும், காலப்போக்கில் சிதைந்து குறையும் கார்பன்-14-ஐ. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 5,730 ஆண்டு. இவ்வளவும் அவளுடைய வேதியியல் பாடம், அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. அதனால் அளந்த எண்ணை மர வளையங்களை வைத்து உருவாக்கிய அட்டவணையோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். அந்த அட்டவணைக் கோடு சுமார் கி.மு. 800 முதல் 400 வரை கிட்டத்தட்டத் தட்டையாக ஓடுகிறது. ஹால்ஸ்டாட் சமதளம் என்று அதற்குப் பெயர். அந்த நானூறு ஆண்டுகளுக்குள் எரிந்த எந்தக் கரியும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். கி.மு. 580 சரியாக அந்தத் தட்டைக்குள்தான் விழுகிறது. இயற்கை அறிவியல் என்றால் துல்லியம், வரலாறு என்றால் ஊகம் என்று வகுப்பில் எல்லோரும் எழுதப்போகும் வாதம் இந்த இடத்திலேயே ஆட்டம் காண்கிறது.

இன்னொரு படி இருக்கிறது. காலம் கிடைத்தது கரிக்கு. நமக்குத் தெரிய வேண்டியதோ தமிழி எழுத்து கீறிய பானை ஓட்டின் காலம். கரியும் ஓடும் ஒரே காலத்தில் மண்ணுக்குள் போனவை என்று சொல்வது ஆய்வகக் கருவி அல்ல. குழிக்குள் இறங்கி மண் அடுக்கின் நிறத்தையும் இறுக்கத்தையும் பார்த்து அகழாய்வாளர் எடுக்கும் முடிவு அது. எலி வளை தோண்டியிருக்கலாம். பின்னாளில் யாரோ குழி வெட்டி மூடியிருக்கலாம். எரிந்தது நூறு வயது மரத்தின் நடுத்தண்டாக இருந்தால் மரம் வெட்டப்படுவதற்கு நூறு ஆண்டு முந்தைய காலத்தைக் கரி காட்டும். இப்படி ஒவ்வொன்றையும் அகழாய்வாளர் எப்படித் தள்ளுபடி செய்கிறார், எதைத் தள்ளுபடி செய்ய முடியாமல் விடுகிறார் என்று எழுதினால், அதுதான் தேர்வாளர் தேடுகிற பகுதி. இந்த ஒரு கரித்துண்டுக்கு மட்டும் 500 சொல் தாராளமாகப் போகும், போகட்டும்.

மத்திய அரசின் இந்திய தொல்லியல் துறை கீழடியில் நடத்திய முதல் இரண்டு கட்ட அகழாய்வு பற்றி, அதற்குத் தலைமை தாங்கிய தொல்லியலாளர் அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார். அதைத் திருத்தித் தரும்படி 2025 மே மாதம் அந்தத் துறை திருப்பி அனுப்பியது. அவர் தன் கால வரிசையை மாற்ற மறுத்துவிட்டார். ஒரு முடிவை அறிவாக ஏற்பது யார் கையில் இருக்கிறது என்ற கேள்விக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. கீழடியின் பழமையை நிரூபிக்கும் கட்டுரை இது அல்ல. தமிழன் பெருமை, டெல்லி சதி என்று மேடைப் பேச்சாகிவிட்டால் மதிப்பெண் போய்விடும். யார் சரி என்று தீர்ப்பு சொல்லாமல், இரண்டு தரப்பும் எந்த ஆதாரத்தை எப்படி எடைபோடுகிறது என்று மட்டும் அவள் காட்டட்டும்.

வரலாற்றுப் பக்கத்துக்கு ஒன்று வேண்டும் என்றால் பழைய சேர நாட்டுத் துறைமுகமான முசிறி இருக்கிறது. அங்கே யவனர் (கிரேக்க, ரோமானிய வணிகர்) கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பின என்று அகநானூற்றின் 149-ஆம் பாட்டு சொல்கிறது. வியன்னாவில் இருக்கும் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் (நாணல் தாள்) ஆவணம் ஒன்று, முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தத்தையும் ஹெர்மாபோலோன் என்ற கப்பலின் சரக்கையும் பதிவு செய்திருக்கிறது. ஒன்றையொன்று அறியாத இரண்டு சாட்சிகள். "பார்த்தீர்களா, பொருந்திவிட்டது" என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் பாப்பிரஸின் எஞ்சிய பகுதியில் நார்ட் என்ற வாசனைப் பொருளும் யானைத் தந்தமும் இருக்கின்றன. மிளகின் பெயர் இல்லை. கிழிந்துபோன பகுதியில் இருந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போகின்றன என்று சொல்வதற்கு நாம் எவ்வளவு இட்டு நிரப்புகிறோம் என்று அவள் கேட்கலாம்.

எழுதும் முறை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தலைப்பை ஒரு சொல்கூட மாற்றாமல் அப்படியே எழுத வேண்டும். அகராதியில் அறிவுக்கு என்ன பொருள் என்று தொடங்க வேண்டாம். 1,600-ஐத் தாண்டியதைத் தேர்வாளர் படிக்கவே மாட்டார், ஆகவே முடிவுரையை அந்த எல்லைக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிடக் கூடாது. முழு டிராஃப்ட் ஒன்றுக்கு மட்டும்தான் ஆசிரியர் எழுத்தில் கருத்து சொல்லலாம். அரைகுறையாக எழுதியதைக் கொடுத்து அந்த வாய்ப்பை வீணாக்க வேண்டாம். தத்துவ அறிஞர்களின் மேற்கோள்களை அடுக்குவதால் மதிப்பெண் ஒன்றும் ஏறாது.

அப்புறம், அம்மா கேட்ட கேள்வி. "இதையெல்லாம் எழுதி அவள் எங்கே போகப் போகிறாள்?" நியாயமான கேள்வி. கட்டுரையை விட்டுவிட்டு அதற்கும் பதில் சொல்கிறேன். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வைக்க வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அந்தப் படிப்பு வேண்டும் என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். பிள்ளை கேட்காத படிப்புக்கு வீட்டை அடகு வைக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஐபி டிப்ளமாவை இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமாக ஏற்கிறது. இங்கேயே வேதியியலிலோ புவியியலிலோ பிஎஸ்சி படிக்கலாம். அதற்குப் பிறகு புனே டெக்கான் கல்லூரியில் தொல்லியல் முதுகலை இருக்கிறது. கார்பன்-14 அளக்கும் ஏஎம்எஸ் கருவி டெல்லியில் இன்டர்-யூனிவர்சிட்டி ஆக்ஸலரேட்டர் சென்டரிலும், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்திலும் இருக்கிறது. பழங்கால மகரந்தத்தையும் விதைகளையும் ஆராயும் பீர்பல் சாஹ்னி நிறுவனம் லக்னோவில் இருக்கிறது. வேதியியல் தெரிந்து மண் அடுக்கும் படிக்கத் தெரிந்தவர்கள் நம் ஊரில் குறைவு. பெரிய சம்பளம் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். வேலை மெதுவாகத்தான் அமையும், முனைவர் பட்டம் வரை போக வேண்டிவரும். ஆனால் கடன் இல்லாமல் தொடங்கலாம். மூன்று வருஷம் கழித்து மனம் மாறினாலும் கையில் ஒரு பிஎஸ்சி பட்டம் இருக்கும்.

அவள் கடைசியில் கம்ப்யூட்டர் சயின்ஸே வேண்டும் என்றால் அதுவும் சரி, அவளாகச் சொல்லட்டும். இப்போதைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆசிரியருடனான முதல் சந்திப்புக்குள் அந்தக் கரித்துண்டைப் பற்றி, இணையத்தைத் திறக்காமல், தனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் ஒரு பக்கம் எழுதி எடுத்துப் போகட்டும். நியூ ஜெர்சி மாமாவிடம் பேசுவது உங்களுக்குச் சங்கடம் என்றால் எண்ணைக் கொடுங்கள், நானே பேசுகிறேன்.