பாதியில் நின்ற கம்ப்யூட்டர் கோர்ஸ்: கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: சொந்த ஊர் தருமபுரி. கோவையில் ஒரு தனியார் மையத்தில் 24 வார கிளவுட் கம்ப்யூட்டிங் கோர்ஸில் சேர்ந்தேன். கட்டணம் 90,000 ரூபாய். 15,000 ரொக்கம், மீதி அவர்களே ஏற்பாடு செய்த ஃபைனான்ஸ் கடன். ‘100% வேலை உத்தரவாதம், ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) சர்டிஃபிகேட்’ என்று விளம்பரம். ஐந்து வாரத்தில் பயிற்சியாளர் போய்விட்டார்; பிறகு வீடியோ லிங்க்தான். பணத்தைக் கேட்டால், ‘திருப்பித் தரப்படாது என்று படிவத்திலேயே இருக்கிறதே’ என்கிறார்கள். டிகிரி ஒரிஜினலும் அவர்களிடம். என்ன செய்யலாம்?

பதில்: நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ‘நுகர்வோர் சட்டப்படி கல்வி ஒரு சேவை ஆகாது’ என்பதுதான் மையத்தின் முதல் வாதமாக இருக்கும். பல்கலைக்கழகம், கல்லூரிகளுக்கு அது பொருந்தும். பயிற்சி மையங்கள் அந்த விலக்கில் வராது என்று மனு சோலங்கி வழக்கில் தேசிய ஆணையம் 2020-ல் சொல்லிவிட்டது.

வேலை வாங்கித் தரவில்லை என்பதை முதல் குறையாக எழுதாதீர்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். விளம்பரத்தில் ‘உத்தரவாதம்’ என்று இருப்பது, கையெழுத்துப் போட்ட படிவத்தில் ‘வேலைவாய்ப்பு உதவி’ என்று சுருங்கியிருக்கும். ‘கோர்ஸை முடித்தால்தானே உதவி’ என்று தப்பித்துக்கொள்வார்கள். உங்கள் பலம் நடக்காத 19 வார வகுப்பு. அது சேவைக் குறைபாடு. விளம்பரத்தைத் தவறான விளம்பரம், நேர்மையற்ற வணிக நடைமுறை என்று இரண்டாவதாக வையுங்கள்.

கணக்கும் அப்படியே: 90,000-ல் 24-க்கு 19 பங்கு, 71,250 ரூபாய். அதோடு வட்டி, நியாயமான மன உளைச்சல் இழப்பீடு, வழக்குச் செலவு. பத்து லட்சம் கேட்டால் கோரிக்கையின் நம்பகம்தான் குறையும். ‘திருப்பித் தரப்படாது’ என்ற ஒருதலைப்பட்சமான வரி, தராத சேவைக்குக் காசு வைத்துக்கொள்ளும் உரிமையைத் தராது.

சர்டிஃபிகேட் விஷயம் தனி. ஏடபிள்யூஎஸ் சான்றிதழை எந்த மையமும் தர முடியாது. பியர்சன் வியூ என்ற தேர்வு நிறுவனம் வழியாகத் தேர்வெழுதித் தேறினால் அமேசான் தருவது அது. மையம் தரக்கூடியது தேர்வு வவுச்சர் (தேர்வுக் கட்டணத்துக்கான கூப்பன்) மட்டுமே. அசோசியேட் நிலைக்கு 150 டாலர். அது கட்டணத்தில் அடக்கம் என்று ரசீதிலோ வாட்ஸ்அப்பிலோ இருந்தால் அதையும் கேளுங்கள்.

ஒரிஜினலைப் பிடித்து வைக்க மையத்துக்கு உரிமை இல்லை. ஒப்பந்தச் சட்டம் 171-வது பிரிவு வங்கி போன்ற சிலருக்குத் தரும் பிடிப்புரிமை (பாக்கிக்காகப் பொருளைப் பிடித்து வைக்கும் உரிமை) பயிற்சி மையத்துக்குக் கிடையாது. நோட்டீஸில் தனிப் பத்தியாகக் கேளுங்கள். தராவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகார் பெற்றதற்கான ரசீது) வாங்குங்கள்.

தவணையைக் கோபத்தில் நிறுத்தாதீர்கள். அடி விழுவது உங்கள் சிபில் மதிப்பெண்ணுக்கு. வகுப்பு நின்றதைக் கடன் நிறுவனத்துக்கு இப்போதே மின்னஞ்சலில் தெரிவியுங்கள். மனுவில் அவர்களை இரண்டாவது எதிர்தரப்பாகச் சேர்த்து, தவணை வசூலை நிறுத்தி வைக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38(8) பிரிவில் இடைக்கால உத்தரவு கேளுங்கள்.

முதலில் 15 நாள் அவகாசத்தோடு ஒப்புகை அட்டையுடன் நோட்டீஸ். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் பலர் அதிலேயே பேச வருவார்கள். வரவில்லையா, கோவைக்கு அலைய வேண்டாம். நீங்கள் இப்போது தருமபுரியில் வசித்தால், 2019 சட்டப்படி அந்த மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் முடியும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கெடு, வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டு.

ஆதாரம்: ரசீது, படிவம், கடன் ஒப்பந்தம், வகுப்பு அட்டவணை, விளம்பரம். 15,000 ரொக்கத்துக்கு ரசீது இல்லையென்றால், பணம் வந்ததை அவர்கள் ஒப்புக்கொள்ளும் வாட்ஸ்அப் செய்தியையாவது தேடிப் பிடியுங்கள். ஸ்கிரீன்ஷாட்டுகளோடு பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4) பிரிவின்படி மின்னணுச் சான்றையும் இணையுங்கள். உடன் படித்தவர்களில் இரண்டு பேர் பிரமாணப் பத்திரம் தந்தால் இன்னும் நல்லது.

நோட்டீஸ் போனதும் ‘அடுத்த பேட்சில் இலவசமாக உட்காருங்கள்’ என்பார்கள். விருப்பமில்லையென்றால் எழுத்தில் மறுத்துவிடுங்கள். பணம் தருவதாகச் சொன்னால், அது கணக்கில் ஏறி, கடன் முடிந்த என்ஓசியும் (ஆட்சேபணை இல்லாச் சான்று) ஒரிஜினலும் கைக்கு வரும்வரை ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.