வொண்டர்லா பெங்களூரு: 4 வயது, 2 வயதுக் குழந்தைகளுக்கு ஃபாஸ்ட் டிராக் வேண்டுமா?

வேண்டாம். வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குச் சாதாரண டிக்கெட்டே போதும். ஃபாஸ்ட் டிராக் என்பது கூடுதல் பணம் கட்டி எடுக்கும் டிக்கெட்; அது மிச்சப்படுத்துவது பெரிய ரைடுகளின் வரிசை நேரத்தை. அவற்றில் பெரும்பாலானவற்றில் உங்கள் குழந்தைகளை உயரம் போதாது என்று ஏற்றவே மாட்டார்கள். உங்களுக்கு ஃபாஸ்ட் டிராக்கைப் பரிந்துரைத்தவர்கள் யாராவது இருந்தால், அநேகமாக நண்பர்களோடு போய் வந்தவர்களாக இருப்பார்கள்.

கிளம்பும் முன் ஒரு வேலை: செருப்பில்லாமல் சுவரோரம் நிறுத்தி இருவரையும் அளந்து பாருங்கள். அங்கே குழந்தைகள் டிக்கெட்டுக்குக் கணக்கு வயது இல்லை, உயரம்தான். 85 செ.மீ.க்குக் கீழே இருந்தால் இலவசம். உங்கள் சின்னவர் அந்தக் கோட்டை ஒட்டித்தான் இருப்பார், அளக்காமல் டிக்கெட் போடாதீர்கள். அப்புறம் ஒவ்வொரு ரைடுக்கும் எவ்வளவு உயரம் வேண்டும் என்பது வொண்டர்லா இணையதளத்திலேயே இருக்கிறது. பெரியவரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டால் அங்கே போய் அழுகை இருக்காது.

காலையில் குழந்தைகள் ரைடுகள், சாப்பாடு, பிறகு தண்ணீர் ரைடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த குழந்தைகளை மறுபடி உலர்த்தி அலைவது பெரும்பாடு. தண்ணீர் ரைடுகளின் குளங்களில் பருத்தி உடைக்கு அனுமதியில்லை, எல்லோருக்கும் நைலான் உடை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும்: நீங்கள் இருவரும் மாறி மாறிப் பெரிய ரைடு ஏற நினைத்து, விடுமுறை நாளில் போவதாக இருந்தால் ஃபாஸ்ட் டிராக் பற்றி யோசிக்கலாம். வார நாள் என்றால் தேவையே இல்லை.