மாமியாரின் ‘செரி’யில் எந்தச் செரி?

கேள்வி: சொந்த ஊர் மன்னார்குடி. கல்யாணமாகி இரண்டு வருடமாகப் பெருந்துறைப் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறேன், வேலை திருப்பூர் பனியன் கம்பெனியில். ஆடிப்பெருக்குக்கு அம்மா வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டபோது மாமியார் ‘செரி’ என்றார். போய்விட்டு வந்தால் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கம்பெனியில் பீகார் பையனிடம் கார்ட்டன் ஸ்டிக்கரை மாற்றச் சொன்னால் ‘அச்சா’ என்கிறான், மாற்றுவதில்லை. எனக்குத்தான் காது சரியில்லையா? (பெயர் வேண்டாம்)

பதில்: காது நன்றாகத்தான் இருக்கிறது, என்ன, அது தஞ்சாவூர்ப் பக்கம் பழகிய காது. எங்கள் கொங்குப் பக்கத்து ‘செரி’ எழுதினால் ஒன்றுதான், வாயில் வரும்போதுதான் பிரியும். வெட்டினாற்போல இறங்கி நின்றால் சம்மதம். ‘செரீ...’ என்று இழுத்து, கண் மட்டும் அடுப்பிலோ மாட்டிலோ இருந்தால், நீ சொன்னது காதில் விழுந்தது, நான் இன்னும் ஒன்றும் முடிவு பண்ணவில்லை என்று அர்த்தம். ‘செரி செரி’ என்று அடுத்தடுத்து வந்தால் பேச்சை நிறுத்து. ‘செரி, பாக்கலாம்’ பெரும்பாலும் முடியாது என்பதுதான், ஏனென்றால் மூஞ்சிக்கு நேரே முடியாது என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வராது. இதில் எதுவும் பெரிய விஷயமில்லை. அம்மிணி, கண்ணு என்று கூப்பிடுகிற வாயிலிருந்து திடீரென ‘செரீங்க’ என்று வருகிறது பாருங்கள், ஊருக்கே மரியாதை கொடுக்கிற அதே ‘ங்க’, அன்றைக்கு மட்டும் அடுப்படிப் பக்கம் போகாதீர்கள்.

உங்களுக்கு வந்தது இழுத்த ‘செரீ’யாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். நீங்கள் அதை மன்னார்குடி ‘சரி’யாக எடுத்துக்கொண்டு பையைக் கட்டிவிட்டீர்கள்.

இது இன்று நேற்று வந்த வம்பும் இல்லை. எழுத்து ஒன்றாகவே இருந்தாலும் ‘இசையின் திரிதல்’, அதாவது ஓசையால் பொருள் மாறுவது, உண்டு என்று தொல்காப்பியம் புணரியலில் ஒரு நூற்பாவே இருக்கிறது. அதற்கு உரைகாரர்கள் காட்டுகிற உதாரணம் ‘செம்பொன்பதின்றொடி’. தொடி என்பது ஒரு நிறை. செம்பொன் பதின்தொடி என்று சொன்னால் பத்துத் தொடி தங்கம், செம்பு ஒன்பதின்தொடி என்று சொன்னால் ஒன்பது தொடி செம்பு. மூச்சை எங்கே விடுகிறோம் என்பதில் தங்கம் செம்பாகிவிடுகிறது!

சில பாஷைகளில் இது இன்னும் முற்றிப்போய், ராகம் மாறினால் சொல்லே வேறாகிவிடும். சீன மொழியில் ‘மா’வை ஒரே உயரத்தில் நீட்டினால் அம்மா, இறக்கி ஏற்றினால் குதிரை. அவ்வளவு தூரம் எதற்கு, பஞ்சாபியிலேயே ‘கோடா’வைத் தாழ்த்திச் சொன்னால் குதிரை, சமமாகச் சொன்னால் சாட்டை. ஆழ்துளைக் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு அந்தப் பக்கம் போகிறவர்கள் பாவம்தான். நம் தமிழில் அப்படிச் சொல் மாறாது, சொல்கிறவர் மனசுதான் மாறும், ஆனால் குடும்பம் நடத்த அதுவே போதுமான சிக்கல்.

அப்புறம் அந்த ‘அச்சா’. அகராதியைப் பார்த்தால் ‘நல்லது’ என்று போட்டிருக்கும், அதை நம்பித்தான் நீங்கள் ஏமாந்தீர்கள். முடிவில் ஏற்றி ‘அச்சா?’ என்றால் அப்படியா என்கிறான். ‘அச்ச்சா...’ என்று நீட்டினால், ஓ, அதுதான் விஷயமா என்கிறான். இரண்டிலும் செய்கிறேன் என்ற பேச்சே இல்லை. ஒத்துக்கொண்டால் ‘டீக் ஹை’ என்பான், அல்லது அச்சாவையே சட்டென்று வெட்டிச் சொல்வான். ஸ்டிக்கர் மாற்ற வேண்டுமென்றால் ‘புரிந்ததா’ என்று கேட்காதீர்கள், ‘எந்த ஸ்டிக்கர், எந்தக் கார்ட்டன், காட்டு’ என்று கேளுங்கள், கையால் எடுத்துக் காட்டட்டும்.

மாமியாரிடமும் அதே வழிதான். ‘போகட்டுமா’ என்று கேட்டால் ‘செரி’யைத் தவிர அவர் என்ன சொல்வார்? ‘என்றைக்குப் போனால் தோட்ட வேலைக்குத் தோதாக இருக்கும் அத்தை’ என்று கேட்டுப் பாருங்கள். அதையும் நேரில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம், அதில் வருகிற ‘செரி’க்கு ராகமே கிடையாது. ‘வெள்ளிக்கெழம போயிட்டு வா கண்ணு’ என்று வந்தால் அன்றைக்கே பஸ்ஸுக்குப் பதிவு பண்ணிவிடலாம். மறுபடியும் ‘செரீ...’ என்று இழுத்தால் சாயங்காலம் பால் கறந்து முடியட்டும், இன்னொரு தடவை கேளுங்கள்.