‘கேட்சிங் ஃபயர்’ படிக்கலாமா? எங்கள் கரைப் பிள்ளைகள் படித்த கதை

கேள்வி: ‘தி ஹங்கர் கேம்ஸ்’ முதல் புத்தகத்தை ஒரே மூச்சில் முடித்தேன். இரண்டாம் பாகமான ‘கேட்சிங் ஃபயர்’ பாதி வரைக்கும் காதல் குழப்பம், மீதியில் பழைய விளையாட்டே திரும்ப வருகிறது என்று பலர் குறைபடுகிறார்கள். படித்தவர்கள் சொல்லுங்கள், வாங்கலாமா?

தாராளமாக வாங்குங்கள். ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பாடப் புத்தகத்தைத் தாண்டி எதையாவது படிக்க வைக்க வேண்டும் என்று சுசான் காலின்ஸின் இந்த வரிசையை எடுத்தோம். முதல் பாகம் 2008இல் வந்தது, இது 2009இல். தலைநகரத்துக்கு அடங்கிய மாவட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் பிள்ளைகளைப் பிடித்து, ஒருவர் மிஞ்சும்வரை ஒரு களத்தில் ஒருவரை ஒருவர் கொல்ல விடும் விளையாட்டுதான் கதையின் மையம். முதல் பாகத்தில் காட்னிஸ் என்ற பெண்ணும் அவள் மாவட்டத்துப் பையன் பீட்டாவும் காதலர்களாக நடந்துகொண்டு அதில் உயிர் பிழைக்கிறார்கள். கேல் ஊரில் அவளுடைய நெருங்கிய நண்பன். பிள்ளைகள் பலரும் மீனவர் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். அவர்கள் இதைப் படித்த விதம் நீங்கள் கேள்விப்பட்ட குறைகளுக்கு நேர் எதிராக இருந்தது. கதையில் வரும் சில விஷயங்களைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காதல் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பீட்டா கட்சி, கேல் கட்சி என்று வாசகர்கள் உலகம் முழுக்கப் பிரிந்து நின்று வாதாடியது உண்மைதான். எங்கள் வகுப்பிலும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஸ்னோ என்கிற அந்த அதிபர் காட்னிஸின் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து மிரட்டும் இடம் வந்ததும் பேச்சு மாறிவிட்டது. முதல் விளையாட்டில் உயிர் பிழைப்பதற்காகக் காட்டிய காதல் உண்மையானதுதான் என்று வெற்றிப் பயணம் முழுக்க எல்லா மாவட்டங்களும் நம்பும்படி நடந்துகொள்ள வேண்டும். நம்பவில்லை என்றால் அவளுக்கு வேண்டியவர்களின் உயிர் போகும். இதுதான் அவர் வைக்கும் நிபந்தனை. அதற்குப் பிறகு அவள் பீட்டாவின் கையைப் பிடிப்பதும், மேடையில் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்வதும், எந்தக் கல்யாண உடை நன்றாக இருக்கிறது என்று தலைநகரத்து மக்கள் ஓட்டுப் போடுவதும் எல்லாம் அரசாங்கக் காரியம். தனக்கு யாரைப் பிடித்திருக்கிறது என்று யோசித்துப் பார்க்கக்கூட அந்தப் பெண்ணுக்கு இடம் இல்லை. இதைக் காதல் இழுவை என்று எழுதுகிறவர்கள் எதைப் படித்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரிந்தது. பஸ் நிறுத்தத்தில் ஒரு பையனோடு இரண்டு வார்த்தை பேசினால் அவள் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடும் ஊர் இது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. “பார்க்கிறவர்களுக்காகச் சிரிக்க வேண்டும், பார்க்கிறவர்களுக்காக முறைக்க வேண்டும். தனியாக இருக்கும்போது என்ன நினைக்கிறோம் என்றே மறந்துவிடும், டீச்சர்” என்று ஒரு மாணவி சொன்னாள். காட்னிஸ் ஏன் இரண்டு பையன்களுக்கும் நடுவில் தெளிவில்லாமல் நிற்கிறாள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் எங்கும் படிக்கவில்லை.

ஆனாலும் எங்கள் பிள்ளைகள் அதிகம் பேசியது காதலைப் பற்றி அல்ல, நான்காம் மாவட்டத்தைப் பற்றி. கதையில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு தொழில். நான்காம் மாவட்டத்துக்கு மீன்பிடி. கல்யாண உடைகளைப் போட்டுப் படம் எடுக்கும் நாளில், அலங்காரம் செய்ய வந்தவர்கள் வாரக்கணக்காகக் கடல் உணவே கிடைக்கவில்லை, நான்காம் மாவட்டத்தில் வானிலை சரியில்லையாம் என்று அலுத்துக்கொள்கிறார்கள். காட்னிஸ் அதைக் கேட்ட மாத்திரத்தில் அங்கே கிளர்ச்சி வெடித்துவிட்டது என்று ஊகித்துவிடுகிறாள். வேகமாகப் படிக்கிறவர்கள் தாண்டிப் போய்விடக்கூடிய இடம். எங்கள் வகுப்பில் அந்தப் பக்கத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்கள். இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அது போக, இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன ஆட்களை விடுவிக்கச் சொல்லி வேலை நிறுத்தம் செய்யும் நாட்களும் உண்டு. அப்போதெல்லாம் வெளியூர்ச் சந்தையில் இறால் விலை ஏறிவிட்டது என்பதுதான் பேச்சாக இருக்கும். கரையில் என்ன நடக்கிறது என்று கேட்க ஆள் இருக்காது. “நம் ஊரைப் பற்றி அவர்களுக்குத் தட்டில் தெரிகிற அளவுதான் தெரியும்” என்றாள் விசைப்படகுத் தொழிலாளி ஒருவரின் மகள். அந்த ஒரு வரிக்காகவே இந்தப் புத்தகத்தைப் படிக்க வைத்தது சரி என்று நினைத்தேன்.

பிறகு நான்காம் மாவட்டத்து மாக்ஸ். எண்பது வயதுக் கிழவி, பேச்சு குழறும். பழைய வெற்றியாளர்களையே மறுபடியும் களத்தில் இறக்கும் இந்த ஆண்டில், ஓர் இளம்பெண்ணின் பெயர் வந்ததும் அவளுக்குப் பதிலாகத் தானே முன்வருகிறாள். எது கையில் கிடைத்தாலும் தூண்டில் முள் செய்துவிடுவாள். அதே மாவட்டத்து ஃபின்னிக் அவளை முதுகில் சுமந்துகொண்டு காட்டுக்குள் ஓடுகிறான். விஷ மூட்டம் துரத்துகிறது. பீட்டாவால் நடக்க முடியவில்லை. இரண்டு பேரைத் தூக்க அவனால் முடியாது. மாக்ஸ் அவனுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, மூட்டத்துக்குள் தானாகவே நடந்து போய்விடுகிறாள்.

பாம்பனிலிருந்து வரும் ஒரு மாணவியின் ஆச்சி பாசி எடுக்கப் போகிறவர். முகத்தில் கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காமல் இருக்க விரல் விரலாகத் துணி சுற்றி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு இந்த வயதிலும் மூழ்கி எழுகிறார். பேத்தி இந்தக் கதையைச் சொன்னபோது ஆச்சி விரலில் துணி சுற்றுவதை நிறுத்தவே இல்லையாம். கடைசியில், “பிள்ளைகள் கரையேறட்டும் என்று இறங்கியிருக்கிறாள். வேறு என்ன செய்வாள்?” என்று மட்டும் சொன்னாராம். மாக்ஸ் செய்தது தியாகமா, கதாசிரியர் வலிந்து திணித்த சோகமா என்று வகுப்பில் நடந்த நீண்ட வாக்குவாதம் அதோடு தீர்ந்தது.

இன்னொன்று. நான்காம் மாவட்டத்து ரொட்டியில் கடற்பாசி கலந்திருக்கும், பச்சை நிறமாக இருக்கும். களத்துக்கு அந்த ரொட்டி வந்து இறங்கும்போது ஃபின்னிக் அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கும் பார்வையை ஆசிரியர் ஓரிரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். பாசியில் ரொட்டியா என்று சிலர் சிரித்தார்கள். நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டில் பாலும் சர்க்கரையும் போட்டுக் கடல்பாசி காய்ச்சி வில்லை போடுவோமே, அதுவும் பாசிதானே என்று கீழக்கரைக்காரி ஒருத்தி சண்டைக்கு வந்துவிட்டாள். அவள் சொன்னது சரி.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. முதல் சில அத்தியாயங்களில் போன பாகத்துக் கதையையே திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அங்கே பொறுமை வேண்டும். கேல் சவுக்கடி படும் இடத்தைத் தவிர மற்ற நேரத்தில் நிழலாகத்தான் வந்து போகிறான்; பீட்டாவுக்குக் கிடைத்த இடத்தில் பாதிகூட அவனுக்குக் கிடைக்கவில்லை. அவன் கட்சிக்காரர்களின் கோபம் நியாயமானது. அதே களம் திரும்ப வருகிறது என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். முதல் முறை எதிரே நின்றவர்கள் முன்பின் தெரியாத பிள்ளைகள். இம்முறை நிற்பவர்கள் ஒருவரை ஒருவர் பல வருடம் அறிந்தவர்கள். உங்களை இனித் தொடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்த அரசாங்கமே அதை மீறிக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறது. நேர்காணல் மேடையிலேயே அவர்கள் கைகோத்து நிற்கிறார்கள். முதல் பாகத்தில் அப்படி ஒரு காட்சியை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

2013இல் வந்த படத்தை முன்பே பார்த்திருந்தாலும் புத்தகத்தைப் படியுங்கள். காட்னிஸின் மனதுக்குள் ஓடுவது முழுதாகக் கிடைப்பது புத்தகத்தில்தான். மூன்றாம் பாகமான ‘மாக்கிங்ஜே’ புத்தகத்தையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். இந்தப் பாகம் முடியும் இடம் அப்படி. எங்களிடம் ‘மாக்கிங்ஜே’ ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. ‘கேட்சிங் ஃபயர்’ கடைசி வரியைப் படித்த அன்று அதை யார் முதலில் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று பிள்ளைகள் சீட்டுக் குலுக்கிப் பார்த்தார்கள்.