யார் தர வேண்டிய அனுமதி?

கேள்வி: பிபிசியின் 'டாக்டர் ஹூ' அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர் 1989-இல் நின்றுபோன பிறகு, பிபிசியின் அனுமதி இல்லாமல் ரசிகர்கள் எடுத்த வீடியோ படங்களையும் அந்தத் தொடரின் கதையோடு சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: அனுமதியை பிபிசிதான் தர வேண்டும் என்று யார் சொன்னது? 1995-இல் ரீல்டைம் பிக்சர்ஸ் எடுத்த 'டவுன்டைம்' படத்தையே பாருங்கள். அதில் வரும் ரோபோ யெட்டிகளை (தொடரில் வந்த பனிமனித உருவ ரோபோக்களை) உருவாக்கியவர்கள் மெர்வின் ஹைஸ்மன், ஹென்றி லிங்கன் என்ற இரு எழுத்தாளர்கள். உரிமையும் அவர்களுடையது. தொடரின் வில்லன் இனங்களான டாலெக்குகளில் எழுத்தாளர் டெரி நேஷனுக்கும் சொன்டாரன்களில் எழுத்தாளர் ராபர்ட் ஹோம்ஸுக்கும் இப்படித்தான் உரிமை இருந்தது. தொடரின் நாயகனான டாக்டர் பாத்திரம் பிபிசியுடையது. அதனால்தான் 'டவுன்டைம்' அவர் இல்லாமலே நடக்கிறது. உரியவர்களிடம் கேட்டு எடுத்த படத்தைத் திருட்டுச் சரக்கு மாதிரிப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

ஹைஸ்மனும் லிங்கனும் பட்ட பாடு உங்களுக்குத் தெரிய வேண்டும். 1968-இல் தொடருக்கு 'தி டாமினேட்டர்ஸ்' கதையை எழுதிக் கொடுத்தார்கள். ஆறு பகுதிக் கதையைத் தொடரின் தரப்பு ஐந்தாக வெட்டிவிட்டது. எங்கள் பெயரைப் போடாதே என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். கதை புனைபெயரில் ஒளிபரப்பானது. அதில் வந்த குவார்க் ரோபோக்களின் வணிக உரிமை யாருக்கு என்பதிலும் தகராறு. அதோடு தொடருக்கு எழுதுவதையே விட்டார்கள். எழுதியவனுக்கு என்ன மிஞ்சியது என்று கேட்காமல் எது அதிகாரபூர்வம் என்று மட்டும் கேட்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

சரி, கதையில் சேருமா? எது சேரும், எது சேராது என்று பிபிசி பட்டியல் போட்டதே இல்லை. அடுத்து எழுத வருகிறவர்கள் எடுத்து ஆண்டால் சேர்ந்துவிடும். தொடரில் டாக்டரின் ராணுவ நண்பரான பிரிகேடியர் லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட்டின் மகள் கேட் முதலில் வந்தது 'டவுன்டைம்' படத்தில்தான். படகு வீட்டில் தனியாக மகனை வளர்க்கிறாள். தனக்குப் பேரன் இருப்பதே பிரிகேடியருக்குத் தெரியாது. உலகத்தையே காப்பாற்றிய ராணுவக்காரர் சொந்த மகளிடம் தடுமாறும் அந்த இடத்தை நிக்கலஸ் கோர்ட்னி நடித்திருக்கும் விதத்துக்காகவே படத்தைப் பார்க்கலாம். 2012-இல் தொடரில், வேற்றுலக ஆபத்துகளை எதிர்கொள்ளும் யூனிட் அமைப்பின் அறிவியல் பிரிவுத் தலைவியாக வந்தவரும் அதே கேட்தான். நடிகை வேறு. இதைவிடப் பெரிய முத்திரை எது வேண்டும்?

இன்னொன்று. அறுபதுகளின் பகுதிகள் பலவற்றின் நாடாக்களை அழித்தது பிபிசியேதான். பிரிகேடியர் அறிமுகமான 'தி வெப் ஆஃப் ஃபியர்' கதையின் மூன்றாம் பகுதியின் படச்சுருள் இன்றுவரை கிடைக்கவில்லை. அவர் அறிமுகமாவதே அந்தப் பகுதியில்தான்! அதன் ஒலியை இன்று நாம் கேட்க முடிகிறது என்றால், ஒளிபரப்பின்போது ரசிகர்கள் வீட்டில் அதை டேப்பில் பதிந்து வைத்ததால்தான். அதிகாரபூர்வமான கதையையே காப்பாற்றிக் கொடுத்த கூட்டம் சொந்தமாக ஒரு படம் எடுத்தால் தள்ளிவைப்பீர்களா?

எல்லாப் படமும் தேறும் என்று சொல்லவில்லை. பணமில்லாத குறை பல இடங்களில் தெரியும். முதலில் 'டவுன்டைம்' பாருங்கள், பிறகு மார்க் காட்டிஸ் எழுதிய 'புரோப்' என்ற இதே மாதிரி வீடியோ படங்களைப் பாருங்கள். 2005-இல் தொடர் மீண்டும் வந்தபோது அதன் மூன்றாம் பகுதியை எழுதியவரும் அவர்தான்.