முட்டை, கோழி, பெருங்காயம்: அமெரிக்க, ஐரோப்பிய உணவு விதிகள் பற்றிக் கேள்வி பதில்

இறக்குமதி உணவுகளின் லேபிள், ரசாயன எச்சம், கிருமிப் பரிசோதனை, இவைதான் எனக்குத் தெரிந்த பகுதி. டயட், உடல் எடை பற்றிக் கேட்டால் பதில் வராது. "எந்த ஊர்ச் சாப்பாடு நல்லது?" என்று மொட்டையாகக் கேட்டால் பதிலும் மொட்டையாகத்தான் வரும். பொருளைச் சொல்லிக் கேளுங்கள்.

ரேவதி, நியூ ஜெர்சி: மேடம், ஜெர்மனியில தங்கச்சி வீட்டுல முட்டையை வெளியேதான் வைக்கிறாங்க. இங்கே ஃப்ரிட்ஜ்ல வைக்கலைன்னா பயமுறுத்துறாங்க. யார் செய்றது சரி?

அவரவர் ஊர் முட்டைக்கு அவரவர் செய்வது சரி. கோழி இடும்போதே ஓட்டின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். ஓட்டில் உள்ள நுண்துளைகளை அதுதான் அடைத்து வைக்கிறது. அமெரிக்காவில் தரம் பிரிக்கும் இடத்தில் முட்டையைக் கழுவுகிறார்கள். தண்ணீர் குறைந்தது 90 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும், முட்டையின் உள்சூட்டைவிட 20 டிகிரியாவது கூடுதலாகவும் இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் உள்ளே இருப்பது சுருங்கி, வெளியில் உள்ள அழுக்குத் தண்ணீரைத் துளை வழியாக உள்ளே இழுத்துவிடும். கழுவியதில் பூச்சு போய்விடுவதால், இட்ட 36 மணி நேரத்திலிருந்து 45 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் (7.2 செல்சியஸ்) வைத்தாக வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 'ஏ' தர முட்டையைக் கழுவவே கூடாது. ஸ்வீடனுக்கு விலக்கு உண்டு. பூச்சு அப்படியே இருப்பதால் கடையில் குளிரூட்டுவதில்லை. குளிர்ந்த முட்டை வெளியே வந்தால் வியர்க்கும், அந்த ஈரமே கிருமிக்கு வழி. அதனால் ஜெர்மன் முட்டையாக இருந்தாலும் ஒருமுறை ஃப்ரிட்ஜில் வைத்தால் அங்கேயே இருக்கட்டும். அமெரிக்க முட்டையை வெளியே வைக்காதீர்கள். இரண்டையும் வீட்டில் கழுவி அடுக்கி வைக்காதீர்கள்.

தங்கச்சிக்கு ஒன்று சொல்லுங்கள்: அங்கே முட்டை மேல் உள்ள முத்திரையின் முதல் எண் 0 என்றால் ஆர்கானிக், 1 வெளியில் மேய்ந்தது, 2 கொட்டகைக்குள் வளர்ந்தது, 3 கூண்டு.

கார்த்திக், டாலஸ்: அமெரிக்கக் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுறாங்க, அதான் இவ்வளவு பெரிசுன்னு எல்லாரும் சொல்றாங்களே?

இல்லை. கோழிக்கும் பன்றிக்கும் வளர்ச்சிக்காக ஹார்மோன் கொடுக்க அமெரிக்காவில் அனுமதியே கிடையாது. 'ஹார்மோன் இல்லை' என்று கோழிப் பாக்கெட்டில் போட்டால், 'மத்திய அரசு விதி இதைத் தடை செய்கிறது' என்ற வரியையும் சேர்த்துப் போட வேண்டும். பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். பெரிசாக இருப்பது இனத் தேர்வாலும் தீவனத்தாலும்.

ஹார்மோன் கொடுப்பது மாட்டுக்கு. காது மடலின் தோலுக்கடியில் சின்ன வில்லையாக வைப்பார்கள், வெட்டும்போது காது கழிவில் போய்விடும் என்பதால். இப்படி வளர்த்த மாட்டிறைச்சியை ஐரோப்பா 1989 முதல் உள்ளே விடுவதில்லை. 1998இல் உலக வர்த்தக அமைப்பின் தீர்ப்பு ஐரோப்பாவுக்கு எதிராக வந்தும் தடையை எடுக்கவில்லை. 2009இல் ஹார்மோன் இல்லாத மாட்டிறைச்சிக்குத் தனி இறக்குமதி ஒதுக்கீடு கொடுத்துச் சமாதானமானார்கள்.

மாலதி, ஆம்ஸ்டர்டாம்: அமெரிக்காவுல கோழியைக் குளோரின்ல முக்கி எடுக்கிறாங்க. பண்ணை அழுக்கைக் கடைசியில ரசாயனம் ஊத்தி மறைக்கிற வேலைதானே?

அறிவு, ஹூஸ்டன்: மாலதி, உங்க ஐரோப்பாவுல சில நாடுகள்ல பாக்கெட் சாலட் இலையைக் குளோரின் தண்ணியிலதான் கழுவுறாங்க. இலைன்னா சரி, கோழின்னா விஷமா?

மாலதி: இலையைக் கழுவுறதும், சாணி பட்ட கோழியைக் கழுவுறதும் ஒண்ணா?

அறிவு: கிருமி சாகுதா இல்லையா, அதைச் சொல்லுங்க.

இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். முதலில், இன்று பெரும்பாலான அமெரிக்க ஆலைகளில் பயன்படுவது குளோரின் அல்ல, பெராசிட்டிக் அமிலம். குளோரின் போட்டாலும் குளிரூட்டும் தொட்டித் தண்ணீரில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) வரைதான். கோழியில் தங்கும் எச்சம் ஆபத்து என்பது ஐரோப்பாவின் வாதமே அல்ல. அவர்களுடைய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2005இல் எச்சத்தால் கவலை இல்லை என்றுதான் சொன்னது. கடைசியில் கழுவிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டால் பண்ணையிலும் வெட்டுமிடத்திலும் கவனம் தளர்ந்துவிடும், அதுதான் அவர்கள் வாதம். இந்த இடத்தில் மாலதி பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் 2013இல் மாட்டிறைச்சியை லாக்டிக் அமிலத்தால் கழுவ அதே ஐரோப்பா அனுமதித்துவிட்டது. இங்கே அறிவு சிரிக்கலாம்.

மாலதி: அப்போ சால்மொனெல்லா எண்ணிக்கையைப் பாருங்க மேடம், அமெரிக்காவுல எவ்வளவு அதிகம்!

எந்த எண்ணிக்கை? (சால்மொனெல்லா என்பது பச்சைக் கோழியில் இருக்கக்கூடிய வயிற்றுப்போக்குக் கிருமி.) ஐரோப்பாவின் இலக்கு கறிக்கோழிக் கூட்டங்களில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது. அது பண்ணையில் எடுப்பது, எண்டரிடிடிஸ், டைஃபிமூரியம் என்ற இரண்டு வகைகளுக்கு மட்டும். அமெரிக்க அளவுகோல் 51 முழுக் கோழிகளில் 5க்கு மேல் போகக் கூடாது என்பது. அது ஆலையில், கழுவிக் குளிரூட்டிய பிறகு எடுப்பது, எல்லா சால்மொனெல்லா வகைகளுக்கும். ஒன்று கூட்டத்துக்குக் கணக்கு, இன்னொன்று கோழிக்குக் கணக்கு. பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார் ஜெயித்தார் என்று பார்க்க முடியாது. அந்த இரண்டு வகையும் பச்சைக் கோழியில் 25 கிராம் மாதிரியில்கூட இருக்கக் கூடாது என்று ஐரோப்பா சட்டமே போட்டிருக்கிறது. அமெரிக்காவில் சாதாரணப் பச்சைக் கோழியில் சால்மொனெல்லா இருந்தாலும் விற்கத் தடையில்லை. மாலதி இதை எடுத்து வாதாடியிருக்கலாம்.

இரண்டு ஊரிலும் கோழியைக் குழாயடியில் கழுவாதீர்கள். உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வரும்வரை வேக வையுங்கள்.

அருள், அட்லாண்டா: ஒரே சீரியல், அமெரிக்க டப்பாவுல இருபது பொருள், ஐரோப்பிய டப்பாவுல அஞ்சு. வாட்ஸ்அப்ல வந்த படம், அனுப்பவா?

வேண்டாம், அது எனக்கும் பத்துப் பேரிடமிருந்து வந்துவிட்டது. முதலில் எண்ணைப் பாருங்கள். அமெரிக்க லேபிளில் 'ரெட் 40' என்ற சாயம்தான் ஐரோப்பிய லேபிளில் ஈ129. 'யெல்லோ 5' என்பது ஈ102. படம் போடுகிறவர்கள் ஒரு பக்கம் பெயரையும் மறுபக்கம் எண்ணையும் பார்த்துவிட்டு 'அங்கே இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். இந்தச் சாயங்கள் ஐரோப்பாவில் தடையில்லை. ஆனால் 2010 ஜூலை முதல் ஆறு சாயங்களுக்கு 'குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கலாம்' என்று பாக்கெட்டில் எச்சரிக்கை போட வேண்டும். அந்த வரிக்குப் பயந்துதான் பல கம்பெனிகள் பீட்ரூட், மிளகாய்ச் சாற்றுக்கு மாறின.

உண்மையான வித்தியாசங்களும் உண்டு. டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமூட்டியை (ஈ171) ஐரோப்பா 2022இல் நிறுத்தியது, அமெரிக்காவில் எடையில் 1 சதவீதம் வரை போடலாம். ரொட்டி மாவுக்கான பொட்டாசியம் புரோமேட்டுக்கு ஐரோப்பாவில் இடமில்லை. அமெரிக்காவில் நாடு முழுக்கத் தடை இல்லை, கலிஃபோர்னியாவில் 2027 ஜனவரி முதல் தடை. எதிர்த்திசையிலும் பாருங்கள்: சைக்ளமேட் என்ற இனிப்பூட்டியும் பான்சோ 4ஆர், கார்மோய்சின் என்ற சிவப்புச் சாயங்களும் ஐரோப்பாவில் உண்டு, அமெரிக்காவில் அனுமதி இல்லை.

எனக்கு அமெரிக்க முறையில் உறுத்துவது சாயம் அல்ல. 'பொதுவாகப் பாதுகாப்பானது என ஏற்கப்பட்டது' என்று ஒரு வகை வைத்திருக்கிறார்கள். தயாரிப்பாளரே தன் பொருள் அந்த வகையில் வரும் என்று முடிவு செய்துகொள்ளலாம், அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம் இல்லை. ஐரோப்பாவில் அனுமதிப் பட்டியலில் இல்லாத சேர்பொருளைப் போடவே முடியாது.

ஸ்ரீராம், சியாட்டில்: பிரெட்ல யோகா மேட் ரசாயனம் போடுறது உண்மையா?

உண்மைதான், அதன் பெயர் அசோடைகார்போனமைடு. அமெரிக்காவில் மாவில் 45 பிபிஎம் வரை அனுமதி, ஐரோப்பாவில் இல்லை. பெயர் லேபிளில் இருக்கும், பிடிக்காவிட்டால் வாங்காதீர்கள்.

வித்யா, டப்ளின்: பையனுக்குக் கடுகு அலர்ஜி, எனக்கு குளூட்டன் ஆகாது. அடுத்த மாசம் சிகாகோ போறோம். லேபிள் இங்கே பார்க்கிற மாதிரியே பார்த்தா போதுமா?

போதாது. நல்லவேளை போகும் முன் கேட்டீர்கள்.

ஐரோப்பாவில் 14 அலர்ஜிப் பொருள்களைப் பொருள்பட்டியலுக்குள்ளேயே தடித்த எழுத்திலோ வேறு விதத்திலோ தனித்துக் காட்ட வேண்டும். கடுகும் செலரியும் அதில் உண்டு. அமெரிக்காவில் 9தான், ஒன்பதாவதாக எள் சேர்ந்தது 2023 ஜனவரியில். கடுகு அதில் இல்லை. வெறும் 'ஸ்பைசஸ்' என்ற ஒரே சொல்லுக்குள் கடுகு ஒளிந்திருக்கலாம், அதற்குச் சட்டத்தில் இடமுண்டு. சாலட் டிரெஸ்ஸிங், மயோனைஸ், ஊறுகாய், சாசேஜ், பார்பிக்யூ சாஸ் ஆகியவற்றில் 'ஸ்பைசஸ்' என்று மட்டும் இருந்தால் பையனுக்குக் கொடுக்காதீர்கள், அல்லது தயாரிப்பாளரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

உங்களுக்கு: குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள புரதம். 'குளூட்டன் ஃப்ரீ' என்ற சொல் இரண்டு இடத்திலும் ஒரே அளவுதான், 20 பிபிஎம். அந்தச் சொல் இல்லாத பாக்கெட்டில்தான் சிக்கல். அமெரிக்காவில் 'கன்டெய்ன்ஸ்' வரியில் கோதுமை வரும், பார்லியும் ரையும் வர வேண்டிய கட்டாயம் இல்லை. மால்ட் (பெரும்பாலும் முளைகட்டிய பார்லி) பானப் பொடி, மால்ட் சுவையூட்டி இருக்கிறதா என்று பொருள்பட்டியல் முழுவதையும் படியுங்கள். கூட்டுப் பெருங்காயத்தையும் பாருங்கள். பிசினோடு பெரும்பாலும் மைதாதான் கலப்பார்கள். அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது. சாம்பார் பொடியில் பெருங்காயம் இருந்தால் இதே கேள்வி அங்கேயும் உண்டு.

சுகந்தி, பாரிஸ்: அக்கா, இஞ்ச கடையளில இந்திய எள்ளைத் திருப்பி எடுத்தவை. அமெரிக்காவில அதே சாமான் பிரச்சினை இல்லாமல் விக்குது எண்டு தங்கச்சி சொல்லுறா. ஏன்?

எத்திலீன் ஆக்சைடு. காய்ந்த மசாலா, எள் மீது இந்த வாயுவைச் செலுத்தினால் சால்மொனெல்லா சாகும். அமெரிக்கா இதை அனுமதித்து, 7 பிபிஎம், அதாவது கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை எச்சம் இருக்கலாம் என்கிறது. புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று ஐரோப்பா தடை செய்துவிட்டது. அங்கே எள்ளில் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம், மசாலாவில் 0.1 என்பதே எல்லை. 2020 செப்டம்பரில் பெல்ஜியம் இந்திய எள்ளில் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு பிஸ்கட், ரொட்டி என்று எள் போட்டதெல்லாம் திரும்பியது. ஒரு தரப்புக்கு இன்றைய வயிற்றுப்போக்கு பயம், மற்றத் தரப்புக்கு நாளைய புற்றுநோய் பயம். நீராவியில் கிருமி நீக்கினால் இரண்டும் தீரும், கொஞ்சம் மணம் குறையும், செலவு கூடும். வாங்கும்போது 'ஸ்டீம் ஸ்டெரிலைஸ்டு' என்று இருக்கிறதா பாருங்கோ. மிளகாய்த்தூளைச் சமைத்த பிறகு மேலே தூவாமல் கொதிக்கும்போதே போடுங்கோ.

ப்ரியா, மில்டன் கீன்ஸ்: முட்டையை ஃப்ரிட்ஜ்ல வைக்கணுமா?

ரேவதிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நந்தகுமார், சான் ஹோசே: ஆக, எல்லாத்துலயும் ஐரோப்பாதான் கடுமை?

இல்லை. வேர்க்கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு என்றால் ஆம்: ஐரோப்பா கிலோவுக்கு 4 மைக்ரோகிராம், அமெரிக்கா 20. ஆனால் பச்சைப் பால் சீஸ் 60 நாள் முதிராமல் அமெரிக்காவில் விற்க முடியாது, பிரான்சில் விற்கிறார்கள். அப்படியே சாப்பிடும் உணவில் லிஸ்டீரியா என்ற கிருமியை அமெரிக்கா அறவே பொறுக்காது. ஐரோப்பா, அது வளர முடியாத உணவுகளில் கிராமுக்கு 100 வரை விடுகிறது. செயற்கை டிரான்ஸ் கொழுப்பை அமெரிக்கா 2018இல் நிறுத்தியது, ஐரோப்பா முழுமைக்கும் எல்லை வந்தது 2021இல். விதி கடுமையாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு 2011 ஜெர்மனி: முளைகட்டிய வெந்தயத்தில் வந்த ஈ.கோலை என்ற கிருமியால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முளைகட்டிய எதையும் கர்ப்பிணிக்கும் சின்னக் குழந்தைக்கும் பச்சையாகக் கொடுக்காதீர்கள்.

கவிதா, பாஸ்டன்: இத்தாலி போனப்போ பிரெட் சாப்பிட்டும் வயிறு உப்பலை. அங்கே கோதுமையே வேறயா?

உணவு விதியில் இதற்குப் பதில் இல்லை. டாக்டரிடம் போங்கள். சீலியாக் (குளூட்டனால் குடல் பாதிக்கும் நோய்) ரத்தப் பரிசோதனை எடுக்கும்முன் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், முடிவு தப்பாக வரும்.

முருகன், டெட்ராய்ட்: ஊர்லேருந்து கறிவேப்பிலை கொண்டு வரலாமா?

அமெரிக்காவுக்குக் கூடாது. எலுமிச்சை இன மரங்களை அழிக்கும் பூச்சி அதோடு வரும். ஐரோப்பாவுக்குப் பயிர்நலச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாமல் பையில் வரலாம் என்ற பழங்கள் ஐந்துதான்: அன்னாசி, தேங்காய், டுரியான், வாழை, பேரீச்சை. வீட்டு நெய்யும் ஐரோப்பாவுக்குக் கூடாது, பால் பொருள்.

சண்முகம், டொராண்டோ: அமெரிக்கக் கோழிக்கு ஹார்மோன்...

கார்த்திக்குக்குச் சொன்னது. மேலே.

ரேவதி: மேடம், கோழியைக் கழுவாம எப்படி மஞ்சள் போடுறது? மனசு ஒப்பலையே.

பாக்கெட்டை ஒரு பாத்திரத்தில் கவிழ்த்து, ரத்தத் தண்ணீரை மெதுவாகச் சாய்த்து ஊற்றுங்கள். பேப்பர் டவலால் ஒற்றி எடுங்கள், சிறகு இருந்தால் பிடுங்குங்கள். அதன் மேலேயே மஞ்சள், உப்பு, தயிர். மஞ்சளோ எலுமிச்சையோ சால்மொனெல்லாவைக் கொல்லாது, வேகவைத்தால்தான் சாகும். மனசு கேட்கவே இல்லையென்றால் ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் முக்கி, கையால் மெல்ல அலசுங்கள். ஓடும் குழாய் வேண்டாம், தெறிக்கும். பிறகு சிங்க்கை சோப்பால் தேய்த்துவிட்டு, 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வாசனையில்லாத பிளீச் கலந்து துடையுங்கள். ஆமாம் மாலதி, குளோரின்தான்.